ரயில் போன வழியில் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ரயில் நின்றுபோன பழைய வழித்தடத்தில் போட்ட கேட்டி டிரெயில் என்ற சைக்கிள் பாதை பற்றியவை. பதில் சொல்பவர் தென்னக ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மகள் குடும்பத்தோடு மிசௌரியின் கொலம்பியா நகரில் இருக்கிறார். வாரம் தவறாமல் சைக்கிள் மிதிக்கிறார்.

ஹூஸ்டன் வாசகி: எங்களுக்குப் பதினொரு வயதிலும் பதினான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். சைக்கிளிலேயே ஊர் ஊராகத் தங்கி, நாலைந்து நாள் பயணம் போக ஆசை. லாரி உரசிக்கொண்டு போகும் சாலையில் பிள்ளைகளை விட மனசு வரவில்லை. கார் வராத பாதை என்கிறார்களே, நிஜமாகவே வராதா?

வராது அம்மா. மேற்கே கிளின்டன் என்ற ஊரில் தொடங்கிக் கிழக்கே மாச்சன்ஸ் வரை சுமார் 240 மைல், அதாவது 385 கிலோமீட்டர். அத்தனையும் ஒரே மாநிலப் பூங்கா. பூங்கா என்றதும் வேலி போட்ட பெரிய காட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பூங்காவுக்கு நீளம்தான் உண்டு. அகலம், ஒரு காலத்தில் ஒற்றை ரயில் பாதைக்கு எடுத்த நிலம் எவ்வளவோ அவ்வளவுதான். பூங்கா ஊழியர்களின் வண்டி எப்போதாவது ஒன்று வரும். மற்ற மோட்டார் வண்டி எதற்கும் அனுமதி இல்லை.

ஆனால் கார் வராது என்பதை, காரையே பார்க்க மாட்டோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய லெவல் கிராசிங்குகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அன்றைக்கு ரயிலுக்காகச் சாலை நின்றது. இன்றைக்குச் சாலைக்காக நீங்கள் நிற்க வேண்டும். கேட்டும் கிடையாது, கேட் கீப்பரும் கிடையாது. பல கிராசிங்குகளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டிகூட வராது. அதுதான் ஆபத்து. பத்து கிராசிங்கில் யாரும் வரவில்லை என்றால் பதினோராவதில் பிள்ளை நிற்காமல் போய்விடும், அங்கேதான் ஒரு பிக்கப் டிரக் வேகமாக வரும். வேலையில் சேரும் புது ஆட்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: கிராசிங் என்றால் நில், இரண்டு பக்கமும் பார், பிறகு நட. உங்கள் சின்னவனுக்கும் இதையே சொல்லுங்கள். காலை ஊன்றி நிற்க வேண்டும், வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது.

கார்களிடமிருந்து தப்பிக்க முடியாத இடம் என்று ஒன்று உண்டு. பூன்வில் ஊரில் பாதை மிசௌரி ஆற்றைக் கடக்கிறது. அங்கே பழைய ரயில் பாலத்தில் போக வழியில்லை. பக்கத்தில் உள்ள சாலைப் பாலத்தில், ஓரமாகச் சைக்கிளுக்கு ஒதுக்கிய தடத்தில் போக வேண்டும். பாலத்தை அடைய ஊர்த் தெருவில் கொஞ்ச தூரம் உருட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.

ஏற்றம் இறக்கம் பற்றிக் கவலையே வேண்டாம். நம் ஊர்ச் சமவெளி ரயில் பாதைகளில் 150 அடிக்கு ஒரு அடி, 200 அடிக்கு ஒரு அடி என்றுதான் ஏற்றம் வைப்போம். அதற்கு மேல் வைத்தால் சரக்கு வண்டி இழுக்காது. இங்கேயும் நீராவி இஞ்சினுக்காகப் போட்ட பாதைதானே. பதினொரு வயதுப் பிள்ளை கியர் மாற்றாமலே பாதி தூரம் போய்விடும்.

ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், சென்னை: ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையை எப்படி ஐயா பூங்காவாக்க விட்டார்கள்? நிலம் யாருடையது?

உங்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். எனக்கும் முதலில் இதுதான் உறுத்தியது.

மிசௌரி - கான்சஸ் - டெக்சஸ் ரயில் கம்பெனியின் பாதை இது. ஜனங்கள் அந்தக் கம்பெனியைச் செல்லமாகக் கேட்டி என்பார்கள். ஆற்றங்கரையை ஒட்டியே போட்ட பாதை. அதனால் வெள்ளம் வரும்போதெல்லாம் கரை அரித்துக்கொண்டு போகும். கரை அரித்துப் போனால் என்ன செலவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1986 அக்டோபரில் வந்த வெள்ளத்தோடு செடாலியாவுக்கும் மாச்சன்ஸுக்கும் நடுவே ரயிலை நிறுத்திவிட்டார்கள். நம் பக்கம் 1964 புயலில் போன பாம்பன் - தனுஷ்கோடி பாதையைத் திரும்பப் போடவே இல்லையே, அந்த மாதிரி.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். இங்கே பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு நிலம் சொந்தம் இல்லை, ரயில் ஓட்டும் உரிமை மட்டும்தான். ரயில் நின்றால் நிலம் பக்கத்து விவசாயிக்குத் திரும்பிப் போய்விடும். போனால் அவ்வளவுதான், 200 மைல் பாதை ஆயிரம் துண்டாகச் சிதறிவிடும். இதைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் 1983-ல் ஒரு வழி செய்து வைத்திருந்தது. நாளைக்கு மறுபடியும் ரயில் வேண்டும் என்றால் ஓட்டிக்கொள்ளலாம், அதுவரை நடைபாதையாக வைத்திருக்கலாம் என்று சட்டத்தில் ஒரு திருத்தம். சட்டப்படி இது இன்னமும் ரயில்வேக்காக ஒதுக்கி வைத்த நிலம்தான். தண்டவாளம்தான் இல்லை.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் நிலம் எங்களுக்கு வரவேண்டியது என்று வழக்குப் போட்டார்கள். வெர்மாண்ட் மாநிலத்தில் நடந்த இதே மாதிரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1990-ல் சட்டம் செல்லும் என்றது. நிலத்துக்கு உரியவர்கள் நஷ்ட ஈடு கேட்கலாம் என்றும் சொன்னது. கேட்டி பாதை ஓரத்து நில உரிமையாளர்கள் சிலர் பிறகு அப்படிக் கேட்டு வாங்கினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தாத்தா எழுதிக் கொடுத்தது ரயிலுக்கு. பேரன் வீட்டுக் கொல்லையில் யாரோ சைக்கிள் ஓட்டுவதற்கு இல்லை.

பணம்? டெட் ஜோன்ஸ் என்று ஒருவர். பங்குத் தரகுத் தொழிலில் பெரிய கை. அவரும் மனைவி பேட் ஜோன்ஸும் வழித்தட உரிமையை வாங்க 2 லட்சம் டாலரும், பாதை போட 20 லட்சம் டாலரும் கொடுத்தார்கள். முதல் துண்டு 1990-ல் ரோஷ்போர்ட்டில் திறந்தது. டெட் ஜோன்ஸ் அந்த வருஷமே காலமானார். செடாலியாவுக்கு மேற்கே உள்ள 33 மைலை யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி 1991-ல் நன்கொடையாகக் கொடுத்தது.

நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். பாதைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டிய கல்வெர்ட்டுகள், தூண் வைத்த சின்னப் பாலங்கள், மண்மேடுகள், மேட்டை வெட்டி வழி செய்த கட்டிங்குகள் எல்லாம் பழைய ஆட்கள் போட்டதுதான். சைக்கிள்காரர்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். நான் கீழே இறங்கிக் கல்வெர்ட் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மகளுக்கு எரிச்சலாக வரும்.

சான் ஹோசே வாசகர்: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

இல்லை. மிசௌரியில் எந்த மாநிலப் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை போகலாம்.

நியூ ஜெர்சி நண்பர்கள் நால்வர்: ஒரு நாளைக்கு 60 மைல், நாலு நாளில் 240 மைல் என்று எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறோம். சரியா?

கணக்கு சரி. ஆனால் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று எக்செல்லுக்குத் தெரியாது.

இந்தப் பாதையில் மைலைப் பார்த்து நிறுத்தாதீர்கள், ஊரைப் பார்த்து நிறுத்துங்கள். வரைபடத்தில் ஐந்து மைல், எட்டு மைலுக்கு ஒரு ஊர்ப் பெயர் இருக்கும். போய்ப் பார்த்தால் ஒரு தானியக் கிடங்கு, ஒரு தேவாலயம், பூட்டிய கடை. ரயில் நின்றபோதே பாதி ஊரும் நின்றுவிட்டது. படுக்கவும் சாப்பிடவும் நம்பிப் போகக்கூடிய ஊர்கள் குறைவு. அவற்றை முதலில் பிடித்துக்கொண்டு பிறகு நாளைப் பிரியுங்கள்.

மேற்கிலிருந்து கிழக்கே வாருங்கள். பெரும்பாலான நாள் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும். முதல் நாள் கிளின்டனில் கிளம்பி செடாலியா, ஏறக்குறைய 37 மைல். நடுவே வின்ட்சர் பக்கம்தான் பாதையிலேயே உயரமான இடம், கடல் மட்டத்திலிருந்து 955 அடி. செடாலியாவில் 1896-ல் கட்டிய ரயில் நிலையத்தை அழகாகப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் வந்தால் ஜாக்கிரதை, மாநிலக் கண்காட்சி அங்கேதான் நடக்கும், அறை கிடைக்காது. மறுநாள் பூன்வில், அதுவும் சுமார் 36 மைல். இந்த இரண்டு நாளும் புல்வெளி, மேடு பள்ளமான வயல்வெளி. உங்களுக்கு உடம்பு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்க்க மாட்டேன்.

பூன்வில்லில் ஆற்றைக் கடந்துவிட்டால் கடைசி வரை ஆற்றின் வடகரைதான். இங்கே ஒரு விஷயம் நன்றாக மனசில் வையுங்கள். பெரிய ஊர்கள் பல தென்கரையில் இருக்கின்றன. மாநிலத் தலைநகர் ஜெபர்சன் சிட்டி தென்கரை, ஹெர்மன் தென்கரை, வாஷிங்டன் தென்கரை. வரைபடத்தில் பாதைக்குப் பக்கத்தில் தெரியும். நடுவே அகலமான ஆறு ஓடுவதை மறந்துவிடுவீர்கள்.

பூன்வில்லிலிருந்து ஜெபர்சன் சிட்டி 48 மைல். ஊருக்குள் போக நெடுஞ்சாலைப் பாலத்தோடு சேர்த்து நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாலம் 2011-ல் போட்டார்கள். சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம் ஒன்று இருக்கிறது. சாமான் ஏற்றிய சைக்கிளை மிதித்து ஏற்றினால் மூச்சு வாங்கும், அன்றைய நாளின் ஒரே மலை அதுதான்.

அடுத்த நாள்தான் சோதனை. ஜெபர்சன் சிட்டியிலிருந்து மெக்கிட்ரிக் வரை 42 மைல். டெபட்ஸ், மொகேன், போர்ட்லண்ட், ரைன்லண்ட் என்று பெயர்கள் வரும். இவற்றில் கடை திறந்திருக்கும் என்று நம்பி வயிற்றைக் காயப்போடாதீர்கள். திங்கள், செவ்வாயில் திறந்திருக்கவே வாய்ப்புக் குறைவு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள். மெக்கிட்ரிக்கிலிருந்து இரண்டு மூன்று மைல் விலகிப் பாலம் கடந்தால் ஹெர்மன். பாலத்தில் சைக்கிளுக்குத் தடுப்புப் போட்ட தனித் தடம் உண்டு, ஆனால் பாலத்துக்குப் போகும் வழி சாதாரணச் சாலை. ஜெர்மானியர்கள் குடியேறிக் கட்டிய ஊர், செங்கல் வீடுகள், திராட்சைத் தோட்டங்கள். சனிக்கிழமை என்றால் இரண்டு மாதம் முன்பே அறை சொல்லிவிடுங்கள்.

அங்கிருந்து ஆகஸ்டா ஏறத்தாழ 34 மைல், மறுநாள் செயின்ட் சார்ல்ஸ் 27 மைல். ஆக ஆறு நாள். பெரும்பாலோர் செயின்ட் சார்ல்ஸிலேயே முடித்துக்கொள்வார்கள். அதற்குக் கிழக்கே மாச்சன்ஸ் வரை பன்னிரண்டு மைல் சொச்சம் வயல்வெளிதான், கடைசியில் டீ குடிக்கக்கூட ஒன்றும் இல்லை. போன வழியே திரும்பி வர வேண்டும். முழுசும் முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் போகலாம். நானும் போனேன்.

அட்லாண்டா வாசகி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிட மாட்டோம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம். ஆனால் வழிக் கடைகளில் உங்களுக்குக் கிடைப்பது சீஸ் போட்ட ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். மூன்றாம் நாள் அதைப் பார்த்தாலே ஓட்டம் எடுப்பீர்கள்.

என் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். முதல் நாளுக்குப் புளியோதரை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் மதியம் வரைக்கும் என்ன, மறுநாள் காலை வரைக்கும் நிற்கும். தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், எடுக்காதீர்கள். அடுத்த நாட்களுக்கு வறுத்த அவல், வேர்க்கடலை, வெல்லம். தங்கும் அறையில் கெட்டில் இருந்தால் ரவை உப்புமா மிக்ஸ் போதும். எல்லாரும் விளம்பரம் செய்யும் எனர்ஜி பார் எனக்கு வாயில் ஒட்டுகிறது, கடலை மிட்டாய் அதைவிட மேல். வழியில் கொலம்பியா நகருக்கு ஒரு கிளைப் பாதை பிரிகிறது, ஒன்பது மைல் தூரம், அதுவும் கார் வராத பழைய ரயில் பாதைதான். பல்கலைக்கழக ஊர், இந்திய மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் உண்டு. அது பிரியும் மெக்பெய்ன் ஊர்ப் பக்கம் வரும்போது சாமான் தீர்ந்திருந்தால் அங்கே ஒரு இரவு தங்கிப் போகலாம்.

டிராய் வாசகர்: என்னிடம் மெல்லிய டயர் போட்ட ரோடு பைக் இருக்கிறது. தாங்குமா? மழை பெய்தால் என்ன ஆகும்?

பாதையில் அரைத்த சுண்ணாம்புக்கல் கொட்டி அழுத்தியிருக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது நன்றாக இறுகி, கிட்டத்தட்டத் தார்ச் சாலை மாதிரியே உருளும். 28 மில்லிமீட்டர் டயரில் போகிறவர்களைப் பார்க்கிறேன். சாமான் மூட்டையோடு பல நாள் போக 35-க்குக் குறையாமல் இருந்தால் கைக்கும் முதுகுக்கும் நல்லது. 40 இருந்தால் நிம்மதி.

மழை பெய்தால் கதை வேறு. சுண்ணாம்புப் பொடி இட்லி மாவுப் பதத்துக்கு வந்துவிடும். செயினில், பிரேக்கில், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். காய்ந்தால் சிமெண்டு. சாயந்திரம் தங்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, செயினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். எண்ணெய்க் குப்பியை மறக்கிறவர்கள் இரண்டாம் நாள் கிரீச் கிரீச் என்று வருவார்கள், தூரத்திலேயே கேட்கும்.

இன்னொன்று: பிப்ரவரி, மார்ச்சில் வராதீர்கள். குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறைந்த ஈரம் உருகும்போது மேல்பரப்பு இளகிவிடும், டயர் புதையும். அந்தச் சமயத்தில் பல இடங்களில் குடிநீர்க் குழாயையும் மூடி வைத்திருப்பார்கள். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நல்லது, செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் இன்னும் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் 32 டிகிரி வெயிலும் புழுக்கமும் நம் சென்னைக்காரர்களுக்குப் பழக்கம்தான் என்று கிளம்புவீர்கள். சென்னையில் நாம் யாரும் மதியம் ஒரு மணிக்கு 40 மைல் சைக்கிள் மிதித்ததில்லை.

பெரிய வெள்ளம் வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். 1993 வெள்ளம் அப்போது திறந்திருந்த பாதையில் பெரும்பகுதியைச் சேதப்படுத்தியது. ரைன்லண்ட் ஊர்க்காரர்கள் அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிளம்பும் வாரம் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

செயின்ட் லூயிஸ் வாசகர்: ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், 62 வயது. சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியவர். ஒரே ஒரு நாள் கூட்டிப் போக வேண்டும் என்றால் எந்த இடம்?

ரோஷ்போர்ட். வேறு யோசனையே வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே செயின்ட் சார்ல்ஸ் இருக்கிறது, அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் 1804 மே மாதம் படகில் கிளம்பிய இடம், கிட்டத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அம்மா வருவது எப்போதோ ஒரு தடவை. இரண்டு மணி நேரம் கார் ஓட்டுங்கள்.

கார் நிறுத்தும் இடத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு சுரங்கம் வரும். 243 அடி நீளம், 1890-களின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து, கல் வளைவு கட்டியது. முழுப் பாதையிலும் சுரங்கம் இது ஒன்றுதான். உள்ளே போனதும் வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். அம்மாவை அங்கே நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பிக் கிழக்கே விடுங்கள்.

கிழக்கேதான் விசேஷம். இடது பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, வலது பக்கம் மிசௌரி ஆறு. பாறையின் அடியில், ஆற்றோரத்தில், இரண்டுக்கும் நடுவே ரயிலுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் வெட்டியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஆறு மரத்துக்குப் பின்னால், வயலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கும். இங்கே கல்லை விட்டெறிந்தால் தண்ணீரில் விழும். கலங்கல் தண்ணீர், பார்த்தால் மெதுவாகப் போவது போல இருக்கும், மிதந்து வரும் மரக்கட்டையைக் கவனித்தால்தான் வேகம் தெரியும். பாறை முகத்தில் பூர்வகுடிகள் வரைந்த ஓவியங்கள் இருந்ததை கிளார்க் 1804-ல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். ரயில் பாதைக்காக வெடி வைத்தபோது பெரும்பாலானவை போய்விட்டன. மிச்சம் ஏதோ கொஞ்சம், உயரத்தில், மங்கலாக. என் தொழில்காரர்கள் செய்த வேலை, அதனால் அந்த இடத்தில் நான் கல்வெர்ட் பெருமை பேசுவதில்லை.

அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் மெக்பெய்ன் வரை ஒன்பது மைல். அங்கே பாதையை விட்டுக் கொஞ்சம் விலகிப் போனால் வயலுக்கு நடுவே தனியாக ஒரு ஓக் மரம் நிற்கிறது, நானூறு வயதுக்குப் பக்கம் என்கிறார்கள். 2020 அக்டோபரில் இடி விழுந்து உள்ளே தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது, மரம் பிழைத்துக்கொண்டது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் நாலு மைலில் திரும்பிவிடுங்கள், பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி பார்த்தாயிற்று. மின்சார சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. வாடகைக்கு எடுத்தால் அம்மா உங்களை முந்திக்கொண்டு போவார்.

பாஸ்டன் வாசகர்: போய் வந்தேன். 240 மைலும் தட்டையாக, மரமும் சோளக்கொல்லையும்தான். சலிப்பு. இதற்கு ஏன் இவ்வளவு புகழ்?

பாதி ஒத்துக்கொள்கிறேன். மெக்கிட்ரிக்குக்கு மேற்கே சில துண்டுகளில் நேர்க்கோடு, நேர்க்கோடு, மறுபடியும் நேர்க்கோடு. மலையிறங்கும் ருசி கண்டவர்களுக்கு இது பிடிக்காது, அவர்கள் கொலராடோ போகட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்த ஊரிலாவது நின்றீர்களா? ரயில் பாதைக்கு ஊர்தான் சுவாரசியம். மார்த்தாஸ்வில்லில் டேனியல் பூன் என்ற பழைய எல்லைப்புற வீரரைப் புதைத்த இடம் இருக்கிறது. 1820-ல் இறந்தார், 1845-ல் கென்டக்கிக்காரர்கள் வந்து எலும்பைத் தோண்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் வேறு யாருடைய எலும்பையோ எடுத்துக்கொண்டு போனார்கள், எங்கள் ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்லறை இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது! ஆகஸ்டாவில் கேட்டால், அமெரிக்க அரசு முதன்முதலில் திராட்சை வட்டாரமாக அங்கீகரித்தது எங்களைத்தான், 1980-ல், கலிபோர்னியாவின் நாப்பாவெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். நான் குடிப்பதில்லை. மேட்டுக்கு ஏறி நின்று கதை கேட்டுவிட்டு வருவேன்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: பெண் தனியாகப் போகலாமா?

என் மகள் தனியாகப் போகிறாள், தோழிகளோடும் போகிறாள். தனியே போகும் பெண்களைப் பாதையில் அடிக்கடி பார்க்கிறேன், பலர் என்னைவிட வயதானவர்கள். கவனிக்க வேண்டியது கைபேசி சிக்னல். பாறைக்குக் கீழே பல மைலுக்குக் கிடைக்காது. அடுத்த ஊர் எது, எத்தனை மணிக்குச் சேருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பஞ்சர் ஒட்டத் தெரியாமல் தனியாகப் போகாதீர்கள். இது ஆண்களுக்கும் சேர்த்து.

எடிசன் வாசகர்: பாம்பு?

உண்டு. கறுப்பாக, நீளமாக, வெயில் காயப் பாதையின் குறுக்கே படுத்திருப்பது பெரும்பாலும் எலி தின்னும் விஷமில்லாத பாம்பு. சுற்றிப் போங்கள், அதுபாட்டுக்குப் போய்விடும். விஷமுள்ள காப்பர்ஹெட் வகையும் இந்தப் பக்கம் உண்டு, ஆகவே கல் இடுக்கில் கை வைக்க வேண்டாம். ரோஷ்போர்ட் பாறை அருகே லூயிஸ், கிளார்க் கூட்டத்தார் ராட்டில் ஸ்நேக் மூன்றைக் கொன்றதாக அந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பாம்பைவிட உண்ணிக்குப் பயப்படுங்கள். புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் ராத்திரி முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில் தடவிப் பாருங்கள். மூன்று இலை சேர்ந்து பளபளவென்று பாதையோரத்தில் நிற்கும், பட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவிச் செடியைத் தொடாதீர்கள். ஒதுங்கப் போகும் அவசரத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள்.

சிகாகோ வாசகர்: காரைக் கிளின்டனில் விட்டுவிட்டு செயின்ட் சார்ல்ஸில் முடித்தால், எப்படித் திரும்புவது?

கூட்டி வந்து விடும் ஷட்டில் வண்டிகள் இருக்கின்றன, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும், தனியாளுக்குக் கையைக் கடிக்கும்.

எனக்குப் பிடித்த வழி ரயில். செயின்ட் லூயிஸுக்கும் கான்சஸ் சிட்டிக்கும் நடுவே ஓடும் ஆம்ட்ராக் ரயில் செடாலியா, ஜெபர்சன் சிட்டி, ஹெர்மன், வாஷிங்டன் எல்லாவற்றிலும் நிற்கிறது. சைக்கிளுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், இடம் குறைவு, டிக்கெட் எடுக்கும்போதே போட்டுவிடுங்கள். காரை ஹெர்மனில் விட்டுவிட்டு ரயிலில் செடாலியா போய் இறங்கி, அங்கிருந்து மிதித்துக் காருக்கே வந்து சேரலாம். மூன்று நாள், 130 மைல். எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்ற வீம்பு இல்லாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கிளின்டனிலும் செயின்ட் சார்ல்ஸிலும் இந்த ரயில் கிடையாது.

அதே சிகாகோ வாசகர்: டெண்ட் போடலாமா?

பாதையோரத்தில் கண்ட இடத்தில் கூடாது. சில ஊர்களில் அதற்கென்று இடம் வைத்திருக்கிறார்கள். டெபட்ஸில் அடுக்குக் கட்டில் போட்ட தங்குமிடம் ஒன்று சைக்கிள்காரர்களுக்கென்றே உண்டு, மலிவு, வசதி எதிர்பார்க்காதீர்கள். ஜெபர்சன் சிட்டிக்கும் ஹெர்மனுக்கும் நடுவே உள்ள அந்த 42 மைலை உடைக்க அதைவிட்டால் நல்ல வழி இல்லை.

மினியாபொலிஸ், பத்தாம் வகுப்பு மாணவன்: தாத்தா, அப்பாவோடு வரப்போகிறேன். வரைபடத்தில் கடைசி ஊரான மாச்சன்ஸுக்கு மைல் 27 என்றும் கிளின்டனுக்கு 264 என்றும் போட்டிருக்கிறதே, பூஜ்யத்திலிருந்து ஏன் தொடங்கவில்லை?

ரயில்வே கணக்கை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், கண்ணா. ரயில் ஓடிய காலத்து மைல் எண் எதுவோ அதையே சைக்கிள் பாதைக்கும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் பரம சந்தோஷம், எண்ணை மாற்றியிருந்தால் பழைய ரயில்வே வரைபடம் ஒன்றும் ஒத்துப்போகாது. நீ மேற்கிலிருந்து வருகிறாய் என்றால் எண் குறைந்துகொண்டே வரும். கடைசிப் பலகையில் 27-ஐப் பார்த்துவிட்டு, இன்னும் அவ்வளவு பாக்கி என்று அப்பா உட்கார்ந்துவிட்டால், பாதை அங்கேயே முடிந்தது என்று சொல்லி எழுப்பு.